கெட்ட செய்தி மேலே ஏறும் வழி

பல தொழிற்சாலைகளின் வாசலில் ஒரு பலகை இருக்கும். 'விபத்தில்லா நாட்கள்' என்று எழுதி, பக்கத்தில் சாக்பீஸாலோ மின்விளக்காலோ ஓர் எண். காலை ஷிப்டுக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்தபடியே உள்ளே போவார்கள். எண் நூறைத் தொட்டால் இனிப்பு, ஆயிரத்தைத் தொட்டால் விருந்து, மார்ச் 4 தேசியப் பாதுகாப்பு நாளன்று மேடையில் கேடயம். அந்த எண் ஏறிக்கொண்டே போனால் இடம் பத்திரமாக இருக்கிறது என்று முதலாளியிலிருந்து வாட்ச்மேன் வரை எல்லோரும் நம்புகிறோம்.

அந்த நம்பிக்கை எவ்வளவு தாங்கும் என்று பார்க்க, 2005 மார்ச் 23 அன்று அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், கால்வெஸ்டன் விரிகுடாக் கரையிலுள்ள டெக்சஸ் சிட்டிக்குப் போக வேண்டும்.

பி.பி. நிறுவனத்தின் பெரிய எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை ஒன்று அங்கே இருந்தது. அன்று மதியம் ஆலைக்குள் ஒரு விருந்து. ஒப்பந்தத் தொழிலாளர்கள் ஒரு மாத காலம் வேலைநாள் இழக்கும்படியான காயம் எதுவும் இல்லாமல் கடந்ததற்கான பாராட்டு விருந்து அது. சாப்பிட்டு முடித்துச் சிலர் தங்கள் அலுவலகமாக இருந்த டிரெய்லர்களுக்குத் திரும்பினார்கள்.

பக்கத்து யூனிட்டில், பழுதுபார்க்க நிறுத்தியிருந்த 52 மீட்டர் உயரக் கோபுரம் ஒன்றை மறுபடி ஓட்டத் தொடங்கியிருந்தார்கள். அதன் அடியில் ஏறக்குறைய இரண்டு மீட்டர் உயரத்துக்குத்தான் எரிதிரவம் நிற்க வேண்டும். அன்றோ மூன்று மணி நேரத்துக்கும் மேலாகத் திரவம் உள்ளே போய்க்கொண்டே இருந்தது. வெளியே எடுக்கும் வழி திறக்கப்படவில்லை. மட்டம் காட்டும் கருவி கோபுரத்தின் அடிப்பகுதியை மட்டுமே அளக்கக்கூடியது. அதுவும் அளவு தப்பி, மட்டம் மெல்ல இறங்கி வருவதாகக் காட்டிக்கொண்டிருந்தது. கட்டுப்பாட்டு அறைத் திரையில் இரண்டரை மீட்டருக்கும் குறைவு என்று தெரிந்த நேரத்தில், உண்மையான மட்டம் 48 மீட்டர். மட்டம் மிகவும் ஏறினால் ஒலிக்க வேண்டிய இரண்டாவது எச்சரிக்கை மணி ஒலிக்கவில்லை. நேரில் போய்ப் பார்ப்பதற்காக வைத்திருந்த கண்ணாடிக் குழாய் அழுக்கேறி, பார்க்க முடியாமல் கிடந்தது.

அழுத்தம் தாங்காமல் பாதுகாப்பு வால்வுகள் திறந்தன. வெளியேறிய திரவம் பழைய புகைபோக்கி ஒன்றின் உச்சியில் ஊற்றுபோலப் பீறிட்டுத் தரையில் விழுந்து ஆவியாகப் பரவியது. இன்ஜின் ஓடியபடி நின்றிருந்த டீசல் வண்டி ஒன்று அதற்கு நெருப்பு வைத்திருக்க வேண்டும் என்று விசாரணை சொன்னது. பகல் 1.20 மணியளவில் வெடித்தது. 15 பேர் இறந்தார்கள். 180 பேர் காயமடைந்தார்கள். இறந்த 15 பேரும் டிரெய்லர்களிலும் அவற்றை ஒட்டியும் இருந்த ஒப்பந்தத் தொழிலாளர்கள். வேறொரு யூனிட்டின் வேலைக்காக வந்திருந்தவர்கள். பக்கத்தில் கோபுரம் ஓட்டப்படுகிறது என்ற தகவலே அவர்களிடம் போய்ச் சேரவில்லை.

விபத்தை ஆராய்ந்த அமெரிக்க வேதியியல் பாதுகாப்பு வாரியம் இரண்டு விஷயங்களைப் பதிவு செய்தது. முதலாவது, 2004-ஆம் ஆண்டு அந்த ஆலையின் காய விகிதம் அதன் வரலாற்றிலேயே மிகக் குறைவு; சுத்திகரிப்புத் துறையின் சராசரியில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். இரண்டாவது, விபத்துக்கு ஏறத்தாழ இரண்டு மாதம் முன்பு, ஆலையில் வேலை செய்பவர்களிடம் நடத்திய ஒரு கருத்தாய்வு முடிந்திருந்தது. பெரிய விபத்து வரப்போகிறது என்ற அச்சம் அங்கே வழக்கத்துக்கு மாறாக மிக அதிகமாக இருப்பதாக அது சொன்னது.

வாசலிலிருந்த எண் நிம்மதி சொன்னது. உள்ளே வேலை செய்தவர்களின் வயிறு பயம் சொன்னது. வயிறு சொன்னதே சரியாக இருந்தது.

பாதுகாப்புப் பண்பாடு என்று பேசும்போது நாம் ஹெல்மெட், சுவரொட்டி, உறுதிமொழி என்று போய்விடுகிறோம். இந்த அத்தியாயம் சொல்ல வருவது ஒன்றைத்தான். ஒரு பணியிடம் பத்திரமானதா என்று அறிய, அங்கே ஒரு கெட்ட செய்தி, அதைக் கண்டவரிடமிருந்து அதைச் சரிசெய்யும் அதிகாரம் உள்ளவரிடம் எவ்வளவு வேகமாகப் போகிறது, அங்கிருந்து என்னவாகத் திரும்பி வருகிறது என்று பாருங்கள். மற்றதெல்லாம் அந்தப் பாதையைப் பொறுத்தது.

சுழியம் சொல்லாத கணக்கு

முதலில் அந்தப் பலகையின் கணக்கைச் சரிபார்ப்போம். ஒரே மாதிரியான நூறு பட்டறைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஆபத்தின் அளவு ஒன்றுதான், சராசரியாக வருடத்துக்கு ஒரு விபத்து என்று வைத்துக்கொள்வோம். விபத்துகள் முறை வைத்து வருவதில்லை. ஓரிடத்தில் இரண்டு நடக்கும், ஓரிடத்தில் மூன்று நடக்கும், ஓரிடத்தில் ஒன்றும் நடக்காது. பிரெஞ்சுக் கணிதவியலாளர் புவாசோன் பெயரால் வழங்கும் சூத்திரத்தைப் போட்டால், வருடக் கடைசியில் நூறில் ஏறக்குறைய 37 பட்டறைகள் ஒரு விபத்தும் இல்லாமல் முடித்திருக்கும். ஆபத்து மூன்று மடங்காகி, வருடத்துக்குச் சராசரி மூன்று விபத்து நடக்கும் பட்டறைகளிலும்கூட நூறில் ஐந்து தப்பித்துவிடும். அந்த ஐந்து முதலாளிகளும் கேடயத்தோடு படம் எடுத்துக்கொள்வார்கள். நூறு பட்டறைகளிலும் அதே மெஷின், அதே ஈரத் தரை, அதே அவசரம்.

பெரிய விபத்துகளில் இந்தக் கணக்கு இன்னும் ஏமாற்றும். ஐம்பது வருடத்துக்கு ஒருமுறை வெடிக்கும் அளவுக்கு ஆபத்தான ஓர் ஆலையை எடுத்துக்கொண்டால், அது எந்த ஒரு பத்து வருடத்திலும் வெடிக்காமல் இருப்பதற்கான வாய்ப்பு நூற்றுக்கு 82. ஒரு மேலாளர் அங்கே சேர்ந்து, பதவி உயர்ந்து, ஓய்வுபெறும்வரை ஒன்றும் நடக்காமல் போகலாம். தன் நிர்வாகம் சரியாக இருந்தது என்று அவர் மனதார நம்புவார். அவருக்குப் பின்னால் வருபவர் தலையில் அது விழும்.

இதோடு இன்னொரு சிக்கலும் இருக்கிறது. காலில் இடித்துக்கொள்வதும் வழுக்கி விழுவதும் ஒரு வகை. கோபுரம் நிரம்பி வழிவது வேறு வகை. முதல் வகையைக் குறைப்பதால் இரண்டாவது வகை தானாகக் குறையாது. டெக்சஸ் சிட்டிக்குப் பிறகு பி.பி. அமைத்த, அமெரிக்காவின் முன்னாள் வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் பேக்கர் தலைமையிலான குழு 2007 ஜனவரியில் இதைத்தான் அழுத்திச் சொன்னது: தனிமனிதக் காயங்கள் குறைந்ததை வைத்து ஆலையே பத்திரமாக இருப்பதாக நிர்வாகம் எடுத்துக்கொண்டது. மூன்று ஆண்டுகள் கழித்து, 2010 ஏப்ரல் 20 அன்று, மெக்சிகோ வளைகுடாவில் அதே பி.பி.க்காகத் துளையிட்டுக்கொண்டிருந்த டீப்வாட்டர் ஹொரைசன் எண்ணெய்த் துளைமேடை வெடித்து 11 பேர் இறந்தார்கள். அன்று மேடைக்கு வந்திருந்த நிறுவன அதிகாரிகளின் பயணத்தில், அந்த மேடை ஏழு ஆண்டுகள் வேலைநாள் இழப்புக் காயம் இல்லாமல் ஓடியதைப் பாராட்டுவதும் ஒரு பகுதி.

எண்ணுக்குப் பரிசு வைத்ததும் எண்ணின் குணம் மாறிவிடுகிறது. 412 நாள் ஓடிவந்த பலகையை, விரல் நசுங்கிய ஒருவர் தன் பெயரால் சுழியமாக்க விரும்புவாரா? கூட வேலை செய்பவர்களின் போனஸும் அதில் தொங்கும்போது? துணியைச் சுற்றிக்கொண்டு, "வீட்டுல கதவு இடுக்குல மாட்டிக்கிச்சுண்ணே" என்று சொல்லிவிட்டுப் போவார். பலகையில் 413 ஏறும். அந்த மெஷினில் அடுத்த விரல் காத்திருக்கும்.

தவறுகள் அதிகமான நல்ல வார்டு

1990-களில், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவியாக இருந்த ஏமி எட்மண்ட்சன் மருத்துவமனை வார்டுகளில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை ஆராய்ந்தார். இரண்டு மருத்துவமனைகள், எட்டுப் பிரிவுகள். நன்றாகச் சேர்ந்து வேலை செய்யும் குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்பது அவருடைய எதிர்பார்ப்பு. எல்லோரும் அப்படித்தானே நினைப்போம்? தரவு நேர் எதிராக வந்தது. தலைமைச் செவிலியர் மீது நம்பிக்கையும் குழுவுக்குள் நல்ல உறவும் இருந்த வார்டுகளில்தான் தவறுகள் அதிகம் பதிவாகியிருந்தன.

ஆய்வே பிழையோ என்று தோன்றியிருக்கும். அவர் அதை அப்படியே விடாமல், வார்டுகளில் ஒரு தவறு நேர்ந்தால் என்ன நடக்கிறது என்று தேடிப் போனார். சில வார்டுகளில் தவறு செய்த செவிலியர் பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோல நிற்க வைக்கப்பட்டார். அங்கே தவறுகள் காகிதத்துக்கு வராமல் நின்றன. வேறு வார்டுகளில், தவறு நேர்ந்ததும் உடனே சொன்னார்கள். ஏன் நேர்ந்தது என்று சேர்ந்து பார்த்தார்கள். அங்கே பதிவேடு நிறைந்தது. எண்ணிக்கையில் மோசமாகத் தெரிந்த வார்டு, உண்மையில் தன் கண்ணைத் திறந்து வைத்திருந்த வார்டு.

மனதில் தோன்றியதைச் சொன்னால் அவமானமோ தண்டனையோ வராது என்ற நம்பிக்கைக்கு எட்மண்ட்சன் பின்னாளில் உளவியல் பாதுகாப்பு என்ற பெயரை ஆராய்ச்சி உலகில் நிலைநிறுத்தினார். இது தொழிலாளியைத் தாங்கித் தாலாட்டும் ஏற்பாடு என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. கருவி பழுதானால் ஆலையின் ஒரு பகுதி குருடாகும். வேலை செய்பவர் வாய்மூடினால் ஆலை முழுவதும் குருடாகும். மனிதரைவிட நுட்பமான சென்சார் எந்த ஆலையிலும் இல்லை: பேரிங்கின் சத்தம் மாறியதை, வழக்கமில்லாத ஒரு வாசனையை, மாடிப்படியின் மூன்றாவது படி ஆடுவதை முதலில் அறிபவர் அங்கே எட்டு மணி நேரம் நிற்பவர்தான்.

பழகிப்போன ஆபத்து

வாயைத் திறக்கும் துணிவு மட்டும் இருந்தால் போதாது. ஆபத்து கண்ணில் பட வேண்டும். தினம் பார்ப்பது கண்ணில் படாமல் போவது மனித இயல்பு.

டெக்சஸ் சிட்டிக் கோபுரத்தின் கதையில் இது தெளிவாகத் தெரிகிறது. அளவுக்கு மேல் திரவம் நிரப்பியது அன்றைக்கு மட்டும் நேர்ந்த தவறாக இருக்கவில்லை. அதற்கு முந்தைய ஐந்து வருடங்களில் அந்தக் கோபுரம் ஓட்டப்பட்ட முறைகளில் பெரும்பாலானவற்றில் மட்டமும் அழுத்தமும் அளவு தாண்டியிருந்தன. மட்டம் மிகவும் குறைந்தால் கீழேயுள்ள கருவிகள் கெடும் என்ற பயம் ஆபரேட்டர்களுக்கு இருந்தது. அதனால் கொஞ்சம் கூடவே நிரப்பினார்கள். ஒவ்வொரு முறையும் ஒன்றும் ஆகவில்லை. எழுதிவைத்த முறை ஒன்று, நடைமுறை ஒன்று என்று இரண்டானது. புதிதாக வந்தவர் நடைமுறையைத்தான் கற்றுக்கொண்டார்.

சமூகவியலாளர் டயான் வாகன் இதை விலகல் இயல்பாவது என்று அழைத்தார். 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்ணோடம் ஏழு பேருடன் சிதறியதை ஆராய்ந்து அவர் கண்டது இது. ராக்கெட்டின் இணைப்புகளிலுள்ள ரப்பர் வளையங்கள் முந்தைய பயணங்களிலேயே கருகியும் அரித்தும் வந்தன. முதல்முறை பார்த்தபோது பொறியாளர்கள் திடுக்கிட்டார்கள். விண்ணோடம் பத்திரமாகத் திரும்பியது. அடுத்தமுறை கொஞ்சம் அரிப்பு என்பது எதிர்பார்த்த விஷயமானது. பிறகு ஏற்கத்தக்க விஷயமானது. விதியை வேண்டுமென்று யாரும் மீறவில்லை. விதியே மெல்லமெல்ல நகர்ந்து வந்தது.

நம் ஊர் பிரஸ் ஷாப் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். கை உள்ளே இருந்தால் மெஷின் இறங்காதபடி சென்சார் பொருத்தியிருக்கிறார்கள். அதில் தூசி படிந்து மெஷின் அடிக்கடி நின்றுபோகிறது.

"அண்ணே, சென்சார் கட் ஆகிக்கிட்டே இருக்கு."

"சாயந்திரம் லோடு ஏத்தணும்பா. இன்னைக்கு மட்டும் பைபாஸ் பண்ணி ஓட்டு, நாளைக்குப் பார்த்துக்கலாம்."

இந்த உரையாடலில் கெட்டவர் யாருமில்லை. மெஷின்காரர் சொல்லிவிட்டார். சூப்பர்வைசருக்கு டெலிவரி நெருக்கடி நிஜமானது. அன்று ஒன்றும் ஆகாது. மறுநாளும் ஆகாது. பத்தாம் நாள் சென்சார் என்ற ஒன்று அங்கே இருந்ததே மறந்துபோகும். 'நாளைக்கு' என்ற சொல்லுக்கு ஒரு தேதியும் ஒரு பெயரும் வைக்காத இடத்தில், சொன்ன செய்தி பாதி வழியில் செத்துவிடுகிறது. அடுத்தமுறை மெஷின்காரர் சொல்ல மாட்டார்; ஊதுகிற சங்கை ஒருமுறை ஊதியாயிற்று.

ஆறு வாரம்

செய்தி மேலே மட்டும் போனால் போதாது. அதே ஆபத்தை நாளை சந்திக்கப்போகும் மற்றவருக்கும் போக வேண்டும். விமானத் துறை இதை மிகுந்த விலை கொடுத்துக் கற்றது.

1974 டிசம்பர் 1 அன்று, டி.டபிள்யூ.ஏ. நிறுவனத்தின் 514-ஆம் எண் விமானம், வாஷிங்டன் அருகே டல்லஸ் விமான நிலையத்தில் இறங்க வரும் வழியில், வர்ஜீனியாவில் ஒரு மலையில் மோதியது. இருந்த 92 பேரும் இறந்தார்கள். இறங்க அனுமதி கொடுத்த கட்டுப்பாட்டாளரின் சொல்லை விமானி ஒருவிதமாகவும் கட்டுப்பாட்டாளர் வேறுவிதமாகவும் புரிந்துகொண்டிருந்தார்கள். விசாரணையில் தெரியவந்த செய்திதான் மனதை அறுக்கிறது. ஆறு வாரம் முன்பு, யுனைடெட் நிறுவனத்தின் விமானம் ஒன்று அதே அனுமதியை அதே விதமாகப் புரிந்துகொண்டு, அதே இடத்தில் மயிரிழையில் தப்பியிருந்தது. யுனைடெட் தன் விமானிகளை எச்சரித்தது. டி.டபிள்யூ.ஏ. விமானிகளுக்கு அது தெரிய வழியில்லை.

1976-இல் அமெரிக்காவில் விமானப் பாதுகாப்புத் தகவல் முறை தொடங்கியது. அதில் மூன்று புத்திசாலித்தனமான முடிவுகள் இருந்தன. விமானியைத் தண்டிக்கும் அதிகாரம் உள்ள துறையிடம் தகவல் போகவில்லை. நாசா அதைப் பெற்றுக்கொண்டது. எழுதியவரின் அடையாளம் நீக்கப்பட்ட பிறகே தகவல் மற்றவர்களுக்குப் போனது. தெரியாமல் செய்த தவறைத் தானே முன்வந்து சொன்னவருக்குத் தண்டனையிலிருந்து ஓரளவு காப்பும் கிடைத்தது. லட்சக்கணக்கான தகவல்கள் குவிந்தன. மோதாத மலைகளைப் பற்றிய செய்திகள் அவை.

'அப்படியானால் யார் என்ன செய்தாலும் மன்னிப்பா?' என்ற கேள்வி நியாயமானது. பிரிட்டிஷ் உளவியலாளர் ஜேம்ஸ் ரீசன் இதற்குச் சொன்ன விடையின் பெயர் நியாயமான பண்பாடு. குடித்துவிட்டு கிரேன் ஓட்டியவரையும், ஒரே மாதிரி இருந்த இரண்டு பட்டன்களில் ஒன்றை மாற்றி அழுத்தியவரையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. இரண்டாமவர் விஷயத்தில் கேட்க வேண்டியது ஒரு கேள்வி: அதே பயிற்சி, அதே அனுபவம் உள்ள இன்னொருவர் அதே இடத்தில், அதே நேரத்தில் நின்றிருந்தால் இதே தவறைச் செய்திருப்பாரா? செய்திருப்பார் என்றால், அந்த ஆளை வேலையைவிட்டு அனுப்பினாலும் தவறு அங்கேயே இருக்கும். டெக்சஸ் சிட்டியில் சில ஆபரேட்டர்கள் 29 நாள் விடாமல் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் பார்த்திருந்தார்கள். அந்தத் தூக்கத்தோடு அந்தத் திரையின் முன் யாரை உட்காரவைத்தாலும் என்ன தெரிந்திருக்கும்?

தலைமை முதலில் கேட்கும் கேள்வி

1987-இல் அமெரிக்க அலுமினிய நிறுவனமான அல்கோவாவின் தலைவரானார் பால் ஓ'நீல். முதலீட்டாளர்களுக்கு முன் நின்ற முதல் கூட்டத்தில் லாபத்தையும் வரியையும் பற்றி அவர் பேசவில்லை. தொழிலாளர் பாதுகாப்பைப் பற்றிப் பேசினார். காயங்களைச் சுழியத்துக்குக் கொண்டுவருவதே நோக்கம் என்றார். கேட்டவர்கள் குழம்பிப்போனார்கள்.

சுழியத்தை இலக்காக்கினால் மறைப்பார்கள் என்று சற்றுமுன் பார்த்தோம். அல்கோவாவில் அது எப்படி நடக்காமல் போனது? ஓ'நீல் செய்தியின் பாதைக்குக் காவல் வைத்தார். எங்கே யாருக்குக் காயம் பட்டாலும், அந்தப் பிரிவின் தலைவர் 24 மணி நேரத்துக்குள் அவரிடம் சொல்ல வேண்டும். இனி அப்படி நேராமல் என்ன செய்யப்போகிறோம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 24 மணி நேரத்தில் சொல்ல வேண்டுமானால், பிரிவுத் தலைவருக்கு ஆலை மேலாளர் உடனே சொல்ல வேண்டும். மேலாளருக்கு ஷிப்ட் சூப்பர்வைசர் உடனே சொல்ல வேண்டும். சூப்பர்வைசரிடம் தொழிலாளி பயமில்லாமல் வர வேண்டும். ஒரு விதி, கீழிருந்து மேல்வரை ஒரு படிக்கட்டைக் கட்டவைத்தது.

அவர் பொறுப்பேற்ற சில மாதங்களில் அரிசோனாவிலுள்ள ஆலையில் ஓர் இளம் தொழிலாளி இறந்தார். நின்றுபோன மெஷினைச் சரிசெய்யத் தடுப்பைத் தாண்டிப் போனவர். விதியை மீறியது அவர்தான் என்று கோப்பை மூடியிருக்கலாம். ஓ'நீல் மேலாளர்களைக் கூட்டி, இந்தச் சாவுக்குத் தானும் அங்கே இருக்கும் எல்லோருமே பொறுப்பு என்றார்.

1996-இல் அந்தப் பேச்சுக்குச் சோதனை வந்தது. மெக்சிகோவிலுள்ள அல்கோவா ஆலையில் தொழிலாளர்கள் புகையால் நோயுற்றதைப் பங்குதாரர் கூட்டத்தில் ஒரு கன்னியாஸ்திரி எழுந்து சொன்னார். விசாரித்தபோது அது உண்மை என்று தெரிந்தது. உள்ளூர் நிர்வாகம் காற்றோட்டத்தைச் சரிசெய்தும்விட்டது. ஆனால் தலைமையகத்துக்குச் சொல்லவில்லை. நிறுவனத்தில் பல்லாண்டு இருந்த, லாபம் ஈட்டித்தந்த அந்தப் பிரிவின் தலைவரை ஓ'நீல் பதவியிலிருந்து நீக்கினார். விபத்துக்காக நீக்கவில்லை. செய்தியை நிறுத்திவைத்ததற்காக நீக்கினார். அல்கோவாவில் நூறு தொழிலாளர்களுக்கு வருடத்துக்கு 1.86 ஆக இருந்த வேலைநாள் இழப்புக் காயங்கள், அவர் 2000-ஆம் ஆண்டு விடைபெற்றபோது 0.2 அளவுக்கு வந்திருந்தன.

சத்தமில்லாமல் வரும் சேதம்

இதுவரை சத்தத்தோடு வரும் ஆபத்துகளைப் பார்த்தோம். உழைப்பவர்களில் பெரும்பாலோரைக் கொல்வது சத்தமில்லாதது. 2019-ஆம் ஆண்டுக்கான சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் மதிப்பீட்டின்படி, உலகில் வேலை காரணமாக இறந்தவர்கள் சுமார் 29 லட்சம் பேர். அவர்களில் விபத்தில் இறந்தவர்கள் ஏறக்குறைய 3.3 லட்சம். மீதி 26 லட்சம் பேரை நோய்கள் கொண்டுபோயின. கல் தூசி நுரையீரலைக் கெட்டியாக்கப் பல வருடம் எடுத்துக்கொள்கிறது. தறிச் சத்தம் காதைத் தினம் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கிறது. எந்த வாசல் பலகையிலும் அவை ஏறுவதில்லை.

1700-இல் இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ரமஸ்ஸினி தொழிலாளர் நோய்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். நோயாளியிடம் மருத்துவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு இன்னொன்றையும் சேர்க்கச் சொன்னார்: 'நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள்?' முந்நூறு வருடத்துக்குப் பிறகும் நம் மருத்துவமனைகளில் அந்தக் கேள்வி கேட்கப்படாமலே எத்தனை சீட்டுகள் எழுதப்படுகின்றன!

தமிழ்நாட்டு உப்பளங்களில் வேலை செய்பவர்களை சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவன ஆய்வாளர்கள் ஆராய்ந்தபோது, கடும் வெப்பத்தில் உழைப்பவர்களிடம் சிறுநீரகம் பாதிக்கப்படும் அறிகுறிகளைக் கண்டார்கள். பாத்திகளுக்கு அருகே கழிப்பறை இல்லாததால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்ளும் பெண்கள் அங்கே இருக்கிறார்கள். 'வெயிலில் நிறையத் தண்ணீர் குடியுங்கள்' என்று எழுதி ஒட்டுவதால் அவர்களுக்கு என்ன பயன்? நிழலும் கழிப்பறையும் ஓய்வு நேரமும் வேண்டும்.

பாதுகாப்பு அறிவியலில் இதற்கு ஒரு வரிசை உண்டு. ஆபத்தையே அகற்ற முடியுமா என்று முதலில் பார்க்க வேண்டும். முடியாவிட்டால் குறைந்த ஆபத்துள்ள பொருளுக்கோ முறைக்கோ மாற வேண்டும். அடுத்து மனிதரையும் ஆபத்தையும் தடுப்பாலோ காற்றோட்டத்தாலோ பிரிக்க வேண்டும். அதன் பிறகுதான் விதி, பயிற்சி, எச்சரிக்கைப் பலகை. கடைசியில் ஹெல்மெட்டும் கையுறையும் முகக்கவசமும். நடைமுறையில் நாம் இந்த வரிசையைத் தலைகீழாகப் பிடிக்கிறோம். மலிவானது கடைசிப் படி என்பதால். டெக்சஸ் சிட்டியில் அந்த டிரெய்லர்கள் ஆபத்தான யூனிட்டின் பக்கத்தில் நிறுத்தப்படாமல் இருந்திருந்தால், திரவம் நிரம்பி வழிந்தும்கூட அந்த 15 பேர் வீடு திரும்பியிருப்பார்கள். அவர்கள் எவ்வளவு கவனமாக இருந்தும் பயனிருக்கவில்லை.

எளிமையான ஒரு பொருளும் அந்த வரிசையின் மேல்படியில் நிற்க முடியும். ஜவுளிக்கடைகளில் காலையிலிருந்து இரவுவரை நின்றபடியே வேலை செய்யும் பெண்களின் கால்வலியும் நரம்புப் புடைப்பும் நெடுங்காலம் யார் காதிலும் ஏறவில்லை. கேரளத்தில் பெண்கள் போராடியதையடுத்து 2018-இல் அங்கே உட்காரும் உரிமை சட்டமானது. 2021-இல் தமிழ்நாடும் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, எல்லாப் பணியாளர்களுக்கும் இருக்கை தரவேண்டும் என்றது. தீர்வு ஒரு ஸ்டூல். அந்தச் செய்தி மேலே ஏறுவதற்குத்தான் இத்தனை வருடம் பிடித்தது. ஸ்டூல் போட்ட பிறகும் அதில் உட்காரத் துணிவு வருகிறதா என்பதை, கடைக்குள் நுழைகிற நாமே பார்க்கலாம்.

பலகையை மாற்றி எழுதுவோம்

இருபது பேர் வேலை செய்யும் பட்டறையிலும் இதைத் தொடங்கலாம். வேலை ஆரம்பிக்கும் முன் ஐந்து நிமிடம், மெஷின் பக்கத்திலேயே நின்றபடி, சூப்பர்வைசர் ஒன்று கேட்க வேண்டும்: "நேத்து எது பயமா இருந்துச்சு?" அறிவுரையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். முதல் வாரம் யாரும் பேச மாட்டார்கள். இரண்டாம் வாரம் ஒருவர் அறுந்த வயரைக் காட்டுவார். அன்று மாலைக்குள் அந்த வயர் மாற வேண்டும். மாற்ற முடியாவிட்டால், ஏன், எப்போது, யார் பொறுப்பு என்று அவரிடமே வந்து சொல்ல வேண்டும். மூன்றாம் வாரம் நான்கு பேர் பேசுவார்கள். ஒப்பந்தத் தொழிலாளி, வடமாநிலத்திலிருந்து வந்தவர், நேற்றுச் சேர்ந்த பயிற்சியாள் என்று எல்லோருடைய சொல்லும் அந்த ஐந்து நிமிடத்தில் இடம்பெற வேண்டும். தேவையானால் அவர்களுடைய மொழியிலேயே. ஆபத்து அதிகமான வேலை அவர்கள் கையில்தான் இருக்கிறது. செய்தி கடைசியாகப் போய்ச்சேருவதும் அவர்களுக்குத்தான்.

வாசல் பலகையைக் கழற்ற வேண்டியதில்லை. அதில் இரண்டு கட்டம் போட்டால் போதும்: இந்த வாரம் சொன்னது, அதற்குச் செய்தது. முதல் கட்டம் நிறைந்திருந்தால் வெட்கப்பட வேண்டாம். அங்கே கண்கள் திறந்திருக்கின்றன என்று பொருள். இரண்டாவது கட்டம் காலியாக இருந்தால்தான் முதலாளிக்குத் தூக்கம் போக வேண்டும்.

காலை ஷிப்டுக்கு வரும் அந்த பிரஸ் ஷாப் தொழிலாளி ஒரு நிமிடம் அங்கே நின்று, தான் நேற்றுச் சொன்ன சென்சாரைத் தேடுவார். அது எழுதப்பட்டிருக்க வேண்டும். அதற்கு எதிரே, துடைத்துச் சரிசெய்தவரின் பெயரும் தேதியும் இருக்க வேண்டும். அதைப் பார்த்துவிட்டு அவர் உள்ளே போய் மெஷினில் கைவைக்கட்டும்.